காலி மனையின் மழைக்கணக்கு

"மழை முன்ன மாதிரி இல்லீங்க, பருவமே தப்பிப் போச்சு." ஐப்பசி பிறந்தால் சென்னைப் புறநகரில் தாம்பரம், செம்பாக்கம், மேடவாக்கம் பக்கத்து டீக்கடைகளில் இந்தப் பேச்சு தொடங்கிவிடும். சொல்பவர்கள் வெறுங்கையோடு சொல்வதில்லை. பக்கத்துக் காலி மனையில் தும்பை வெள்ளையாய்ப் பூத்துக் கிடந்த இடத்தில் இப்போது சேற்றில் வளரும் சம்பு நிற்கிறது என்பார்கள். பொங்கலுக்கு முன்னால் பூளைப்பூ பறித்த மூலையில் பார்த்தீனியம் மண்டிவிட்டது என்பார்கள். ஆடியில் முளைக்க வேண்டியது வைகாசியிலேயே முளைத்துக் கருகிவிட்டது என்பார்கள். மூன்றும் கண்ணால் பார்த்த உண்மைதான். ஆனால் மூன்றுக்கும் மழையையே காரணமாகச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. இதில் கடைசி ஒன்று மட்டுமே மழை செய்தது. முதலிரண்டும் பெரும்பாலும் நாம் செய்தவை. இவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரியாவிட்டால், நிஜமாகவே மழை மாறும்போது அது நம் கண்ணில் படாமல் போகும்.

சென்னைக்கு ஆண்டு மழை சுமார் 1400 மி.மீ. அதில் ஏறக்குறைய அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடும். மிச்சத்தில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை மாலையிலும் இரவிலும் மேற்கிலிருந்து வரும் இடிமழை. செய்தியில் "இயல்பை விட இத்தனை விழுக்காடு அதிகம்" என்று வருவது மொத்தக் கணக்கு. ஏரிக்கு அந்தக் கணக்குப் போதும், செடிக்குப் போதாது. வேர் இருக்கும் ஆழம் வரை மண் நனைந்ததா, அடுத்த மழை வரும்வரை அந்த ஈரம் தாங்கியதா என்ற இரண்டைப் பொறுத்தே செடி பிழைக்கிறது.

25 மி.மீ. மழை நிதானமாகப் பெய்தால் ஈஞ்சம்பாக்கம் பக்கத்து மணலில் ஏறக்குறைய 30 செ.மீ. ஆழம் வரை ஈரம் இறங்கும். வண்டல் கலந்த தோட்டமண்ணில் 15 முதல் 20 செ.மீ. பள்ளிக்கரணையை ஒட்டிய களிமண்ணில் 10 செ.மீ. தாண்டினாலே அதிகம். பல்லாவரம், வண்டலூர் குன்றுகளின் அடிவாரத்துச் செம்மண் சரளையில் லாரி ஓடி இறுகிப்போன மனை என்றால், அரை மணி நேரத்தில் 60 மி.மீ. கொட்டினாலும் பாதிக்கு மேல் தெருவுக்கு ஓடிவிடும். அதே மனையில் மூன்று நாள், நாளுக்கு 10 மி.மீ. வீதம் விட்டுவிட்டுத் தூறினால் முளைப்பு நன்றாக இருக்கும். மொத்தக் கணக்கில் முதலாவது இரண்டு மடங்கு மழை. தும்பை விதைக்குக் கிடைத்தது இரண்டாவதில்தான்.

முதல் மழையில் எழுபவை

புறநகர் மனைகளின் ஆண்டு ஏப்ரலில் தரைதட்டுகிறது. சித்திரை வெயிலில் பச்சையாக நிற்பவை எருக்கு, துத்தி, சீமைக்கருவேலம், வேலியோரத்துக் கோவைக்கொடி, அவ்வளவுதான். நாயுருவி காய்ந்த கதிரோடு நின்று கடந்து போகிறவர்களின் வேட்டியில் விதையை ஏற்றிக்கொண்டிருக்கும். வெற்றுத் தரையாகத் தெரியும் மற்ற இடமெல்லாம் விதைக் கிடங்கு.

வைகாசிக் கடைசியிலோ ஆனியிலோ முதல் இடிமழை வருகிறது. நான்கைந்து நாளில் சாரணை முளைத்துத் தரையை மூடத் தொடங்கும். கூடவே தரைக்கீரை, நாய்வேளை, நெருஞ்சி, அம்மான் பச்சரிசி. மண்ணுக்குள் கிழங்கு வேரோடு உறங்கிய மூக்கிரட்டை பழைய இடத்திலேயே தளிர்விடும். இந்தக் கூட்டத்தில் சாரணை, தரைக்கீரை, நெருஞ்சி, மூக்கிரட்டை, அம்மான் பச்சரிசி போன்றவற்றுக்கு உடலமைப்பிலேயே ஒரு வசதி இருக்கிறது. சோளத்தையும் கரும்பையும் போல, கடும் வெயிலில் குறைந்த நீரைச் செலவிட்டு வேகமாக உணவு தயாரிக்கும் ஒளிச்சேர்க்கை முறை இவற்றுக்கு உண்டு. அதனால்தான் 38 பாகை வெப்பத்திலும் இவற்றால் ஓட முடிகிறது. சாரணை முளைத்த மூன்று நான்கு வாரத்தில் பூத்துவிடும். தரைக்கீரையைப் பிடுங்கி எறிந்தாலும் தண்டில் இருக்கும் ஈரத்தை வைத்தே காயை முற்றவைக்கும்.

முளைத்த பின் என்ன ஆகிறது என்பதில்தான் மழையின் குணம் தெரிகிறது. ஜூனில் 20 மி.மீ. பெய்து, பிறகு இரண்டு வாரம் வெறும் மேற்குக் காற்று அடித்தால் மேல்மண்ணின் இரண்டு செ.மீ. ஓரிரு நாளிலேயே உலர்ந்துவிடும். விரற்கடை வேர்கூட விடாத நாற்று அத்தனையும் கருகும். இதைப் பொய்த் தொடக்கம் என்று சொல்லலாம். ஆடிப் பட்டத்துக்கு விதை தேடும் மானாவாரி விவசாயிக்கு இந்த ஆபத்து நன்றாகத் தெரியும். முதல் மழையை நம்பி விதைத்துவிட்டு வானம் பார்ப்பவர் அவர். மனைச் செடிகள் இந்த ஆபத்தைத் தங்களுக்குள்ளேயே பங்குபோட்டு வைத்திருக்கின்றன. நெருஞ்சியின் முள்காய் முற்றியதும் ஐந்து துண்டாக உடையும். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முதல் நான்கு விதை இருக்கும். முதல் மழைக்குப் பெரும்பாலும் ஒன்றுதான் முளைக்கும், மற்றவை அடுத்த மழைக்கோ அடுத்த ஆண்டுக்கோ காத்திருக்கும். தகரைக்கும் கொழுஞ்சிக்கும் விதைத்தோல் கல்லைப் போல. வெயிலிலும் உராய்விலும் தோல் சற்றே விரிந்த விதைக்குள் மட்டும் நீர் இறங்கும், அதனால் ஒரே செடியின் விதைகள் பல தவணையாக முளைக்கும். கானாவாழை இன்னும் ஒரு படி மேலே போகிறது. காலையில் நாம் பார்க்கும் நீலப்பூ போக, மண்ணுக்கடியில் திறக்காத பூக்களையும் வைத்து அங்கேயே விதை பிடிக்கிறது. மேலே மாடு மேய்ந்தாலும் சரி, ஆள் விட்டுச் செதுக்கினாலும் சரி, கீழே கணக்கு நடந்துகொண்டிருக்கும்.

ஆகவே ஒரு மனையில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை எத்தனை முறை புது நாற்று எழுந்தது, அதில் எத்தனை முறை பூப்பதற்கு முன் கருகியது என்று குறித்துவைத்தால், அது மழைக்கும் மழைக்கும் இடையிலான இடைவெளியின் நேரடிப் பதிவாகிவிடும். வானிலை நிலையம் மழை நாள்களை எண்ணித் தருகிறது. 24 மணி நேரத்தில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால் அது மழைநாள். ஆனால் 3 மி.மீ. பெய்த மழைநாள் சாரணையைப் பொறுத்தவரை பெய்யாத நாள்தான். மனையில் கருகிய நாற்று அந்த வித்தியாசத்தைக் காட்டுகிறது.

எதிர்த்திசையிலும் இது நடக்கும். 2023 ஜூன் 19 அன்று சென்னையில் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் அளவுக்கு மழை பெய்தது. 1996-க்குப் பிறகு ஜூனில் அப்படியொரு விடுமுறை அதுவே முதல்முறை. இத்தகைய ஆண்டுகளில் கோடைக் கூட்டம் ஒரு முழுச் சுற்றை ஜூலைக்குள் முடித்து விதை உதிர்த்து, செப்டம்பரில் அதே மனையில் இரண்டாம் தலைமுறை எழுவதற்கு வாய்ப்பு உண்டு. 2021 ஜனவரியைப் போல மார்கழி, தையில் கனமழை கொட்டும் ஆண்டுகளில் வேறு மாதிரி. காயத் தொடங்க வேண்டிய தும்பை இன்னொரு முறை தளிர்த்துப் பூக்கும், ஆனால் முற்றிய கதிரோடு நிற்கும் சிறுபூளை (பூளைப்பூச் செடி) நனைந்து அழுக்கேறிப்போகும். "பூ தப்பிப் பூத்தது" என்று மக்கள் சொல்வதில் பாதி இந்த இரண்டாம் பூப்புத்தான். அதை முதல் பூப்பிலிருந்து பிரித்து எழுதாவிட்டால் குறிப்பு பயன்படாது.

மழைக்கு மிக நேரடியாகப் பதில் சொல்லும் செடி ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும்: பிள்ளைகள் எச்சில் தொட்டு உள்ளங்கையில் வைத்து வெடிக்கவிடும் பட்டாசுக்காய்ச் செடி. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து நம் தெருவோரமெங்கும் பரவிய ஊதாப்பூச் செடி இது. பூ காலையில் விரிந்து அன்றே உதிர்ந்துவிடும். முற்றிய காய் உலர்ந்து காத்திருக்கும். நீர் பட்ட சில நொடிகளில் இரண்டாகப் பிளந்து விதையைத் தூர எறியும். நனைந்த விதையின் மேல் வழவழப்பான பசை ஒன்று சுரந்து அதை மண்ணில் ஒட்டவைக்கும். தூறலுக்குப் பின் மனைக்குப் போய், வெடிக்காத காய் செடியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தால் அந்த மூலையில் மழை உண்மையில் விழுந்ததா, பக்கத்துச் சுவர் மறைத்ததா என்பது தெரிந்துவிடும்.

தெரு உயர, மனை தாழ்கிறது

இனி சம்பு நிற்கும் மனைக்கு வருவோம். இந்தக் கட்டுரைக்கே காரணம் அதுதான். தும்பை போய்ச் சம்பு வந்த மனையைப் பார்த்துவிட்டு "மழை கூடிவிட்டது" என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் அதே தெருவில் நூறடி தள்ளி மேடான மனையில் தும்பை இன்னும் பூத்துக்கொண்டிருக்கும். இரண்டு மனைக்கும் ஒரே வானம். வேறுபட்டது தரை.

தெருவில் தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலேயே போட்டால் ஒவ்வொரு முறையும் தெரு நான்கைந்து செ.மீ. உயர்கிறது. அடியில் சல்லி அடுக்கும் சேர்ந்தால் இன்னும் கூடும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்று 2021-இல் தமிழகத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தல் விடுத்தார். அதற்கு முன் பல ஆண்டு ஏறியது ஏறியதுதான். தெரு உயர்ந்தால், புதிதாக வீடு கட்டுபவர் தெருவுக்கு மேல் இரண்டடி, மூன்றடி தூக்கித்தான் அடித்தளம் போடுவார். அவர் செய்வதும் நியாயம்தான், 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீட்டுக்குள் நீர் ஏறியதைப் பார்த்த யாரும் அப்படித்தான் கட்டுவார்கள். கணக்கு எளிது. ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. அதை ஓர் அடி உயர்த்த 2400 கன அடி மண் வேண்டும், அதாவது 24 யூனிட். மூன்று யூனிட் பிடிக்கும் டிப்பரில் எட்டு லோடு. இறுகுவதற்கும் சேர்த்தால் பத்து லோடு. சுற்றியுள்ள மனைகள் ஒவ்வொன்றாக இப்படி உயர்ந்தபின், உரிமையாளர் வெளியூரில் இருக்கும் அந்த ஒற்றை மனை தெருவிலேயே தாழ்ந்த இடமாகிவிடுகிறது.

தாழ்ந்த மனைக்கு வந்து சேரும் நீர் வேறு கணக்கு. ஒரு மி.மீ. மழை என்பது ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர். ஒரு கிரவுண்டு சுமார் 223 சதுர மீட்டர். 100 மி.மீ. பெய்தால் அதன் மேல் நேராக விழுவது 22,300 லிட்டர். சுற்றியுள்ள மூன்று வீட்டு மனைகளில் விழுந்த நீரில் பாதி மட்டும் இங்கே வழிந்தாலும் இன்னும் 33,000 லிட்டருக்கு மேல் சேரும். மழைமானி 100 காட்டிய நாளில் இந்த மனை 250 மி.மீ. மழையைக் கண்டிருக்கிறது. வெளியேற வழியும் இல்லை. வானத்திலிருந்து ஒரு சொட்டும் கூடாமலேயே ஒரு மனையின் மழை இரண்டரை மடங்காகிறது! மழைநீர்ச் சேகரிப்பு 2003-இலேயே தமிழகத்தில் கட்டாயமாக்கப்பட்டது. அந்த மூன்று வீட்டுக் குழிகளும் தூர் வாரப்பட்டு உயிரோடிருந்தால் வழிவதில் நல்ல பகுதி அங்கேயே இறங்கியிருக்கும்.

நீர் எத்தனை நாள் நிற்கிறது என்பதைச் செடிகளே வரிசைப்படுத்திக் காட்டும். ஓரிரண்டு நாளில் வடிந்தால் தும்பை, கீழாநெல்லி, கொழுஞ்சி தாக்குப்பிடிக்கும். இரு வாரம் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காமல் இவை மஞ்சளித்துச் சாயும். அங்கே கரிசலாங்கண்ணியும் பொன்னாங்கண்ணியும் பொடுதலையும் ஏறும், கோரை கிழங்கோடு பரவும். மார்கழி கடந்தும் சேறு ஆறாமல் இருந்தால் நீர்முள்ளி முள்ளும் நீலப்பூவுமாக நிற்கும். பங்குனியிலும் கால் புதைந்தால் அங்கே சம்பு வந்துவிடும். அதற்குப் பெரும்பாலும் மழைநீர் மட்டும் காரணமாக இருக்காது, எங்கோ ஒரு கழிவுநீர்க் கசிவும் இருக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கும் ஆகாயத்தாமரையும் சேர்ந்துகொண்டால் கழிவுநீர் என்பது உறுதிதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

மேடான மனைக்கும் அதன் மண் ஒரு வரலாறு சொல்லும். இடித்த வீட்டுச் செங்கல், சிமெண்டுத் துண்டு கொட்டிய ரப்பிஷ் மண்ணில் சுண்ணாம்பு கூடி, நீர் விரைந்து வடியும். மூக்கிரட்டை, நெருஞ்சி, வெட்டுக்காயப் பூண்டு அங்கே பிழைக்கும். வீட்டுக் குப்பை விழும் மூலையில் ஆமணக்கு, ஊமத்தை, குப்பைமேனி, குப்பைக்கீரை தழைக்கும், எல்லாம் சத்து விரும்பிகள். ஏரி தூர் வாரிய வண்டல் கொட்டினால் கோரையும் நீர்முள்ளியும் விதையாகவே லோடில் வந்து இறங்கும். பார்த்தீனியம் பெரும்பாலும் இப்படித்தான் லாரி ஏறி வருகிறது. பூளைப்பூ போன மூலையில் மழையைத் தேடுவதற்கு முன் மண் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

இதிலிருந்து நான் பிடித்துக்கொண்ட விதி ஒன்று உண்டு. எந்தச் செடி இருக்கிறது என்பது மாறினால் முதலில் தரையைச் சந்தேகிக்க வேண்டும். இருக்கும் செடி எப்போது முளைக்கிறது, பூக்கிறது, சாகிறது என்பது மாறினால் மழையைச் சந்தேகிக்கலாம். விதிவிலக்குகள் உண்டு, ஆனாலும் பத்தில் எட்டு வாதங்களை இது தீர்த்துவிடும்.

தரையை அளக்க

சந்தேகத்தைச் சோதிக்கக் கொத்தனாரின் டியூப் லெவல் போதும். பத்து மீட்டர் தெளிந்த பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி, ஒரு முனையைத் தெரு நடுவில் நிறுத்திய குச்சியிலும் மறுமுனையை மனைக்குள் அடித்த முளையிலும் பிடித்தால் இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நீர்மட்டத்திலிருந்து தரை வரை இரு பக்கமும் அளந்து கழித்தால் மனை எவ்வளவு தாழ்வு என்பது தெரியும். குழாய்க்குள் காற்றுக்குமிழ் இருந்தாலும், ஒரு முனையை விரலால் மூடிக்கொண்டு அளந்தாலும் கணக்கு தப்பும். பிறகு ஒன்றரை சாண் ஆழத்துக்கு ஒரு குழி. ஓட்டுச் சில்லு, சிமெண்டு, பாலித்தீன் எந்த ஆழத்தோடு நின்றுபோகிறதோ அதுதான் பழைய தரை. சுற்றுச்சுவரில் படிந்த நீர்க்கறையின் உயரத்தையும் குறியுங்கள். ஒப்பிட, அரைக் கிலோமீட்டருக்குள் இதே மண்ணில், நீர் தேங்காத மனை ஒன்று கட்டாயம் வேண்டும்.

மழையை அளக்க

நகர நிலையத்தின் எண்ணை உங்கள் தெருவுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் 29 செ.மீ., மீனம்பாக்கத்தில் 35, தாம்பரத்தில் 49. முப்பது கிலோமீட்டருக்குள் இத்தனை வித்தியாசம். ஜூலை இடிமழையில் விகிதம் இன்னும் மோசம். ஒரு தெருவில் கொட்டி அடுத்த தெருவில் காய்ந்திருக்கும்.

இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் கழுத்துப் பகுதியை, அகலம் சீரான இடத்தில் வெட்டுங்கள். வெட்டிய கழுத்தை மூடியின்றித் தலைகீழாகச் செருகினால் புனல், ஆவியாவதையும் கொஞ்சம் தடுக்கும். அடிப்பாகம் மேடுபள்ளமாக இருப்பதால் கூழாங்கல்லும் சிமெண்டும் போட்டுச் சமப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் முதல் 10 மி.மீ. எப்போதும் பொய். பக்கவாட்டில் ஸ்கேல் ஒட்டிப் படிப்பதைவிட, நீரை மருந்துக்கடை 10 மி.லி. சிரிஞ்சால் அளப்பது துல்லியம். வாயின் குறுக்களவு 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ., ஆகவே 7.85 மி.லி. நீர் ஒரு மி.மீ. மழை. வேறு அளவுப் பாட்டில் என்றால் மி.லி.யைச் சதுர செ.மீ. பரப்பால் வகுத்துப் பத்தால் பெருக்குங்கள். பாட்டில் சாயாதபடி செங்கல் நான்கின் நடுவே, வாய் தரையிலிருந்து ஓர் அடி உயரம் இருக்குமாறு வையுங்கள். பத்தடி மதில் இருந்தால் அதிலிருந்து இருபதடியாவது தள்ளி. மரத்தடியும் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் ஓரமும் ஆகவே ஆகாது, காற்றில் சாய்ந்து வரும் வடகிழக்கு மழை அங்கே பாதிதான் விழும். தினமும் காலை 8.30-க்கு அளந்து அந்தத் தேதிக்கே எழுதுங்கள், வானிலை ஆய்வு மையத்தின் நாள்கணக்கும் அதுவே. வெயில் மாதங்களில் இரண்டு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டால் ஆவியாதல் குறையும், கொசுவும் முட்டையிடாது. பாட்டில் 200 மி.மீ. அளவில் நிரம்பிவிடும். கனமழை எச்சரிக்கை வந்த இரவில் இடையில் ஒருமுறை எழுந்து அளந்து கொட்டாவிட்டால் மறுநாள் வழிந்த பாட்டில்தான் மிஞ்சும். தாம்பரத்தின் அந்த ஒரு நாளுக்கு இரண்டு முறை கொட்டியிருக்க வேண்டும்.

குறிப்பேடு

மனை முழுவதையும் எழுத முயன்றால் மூன்றாம் வாரத்தில் நின்றுவிடும். ஒரு மீட்டர் சதுரமாக நூல் கட்டிய மூன்று கட்டம் போதும்: மேட்டில் ஒன்று, தாழ்வில் ஒன்று, வேலியோரத்தில் ஒன்று. முளைகளைத் தரை மட்டத்துக்கு அடித்துவிடுங்கள், நீட்டிக்கொண்டிருந்தால் மாடு இடறும் அல்லது பிள்ளைகள் பிடுங்குவார்கள். வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில் பாருங்கள். நேரம் முக்கியம். விஷ்ணுகிரந்தியின் நீலப்பூவும் கானாவாழையும் தரைக்கீரையும் காலையில் விரிந்து உச்சிக்குள் மூடிவிடும். துத்தி பிற்பகல் சாய்ந்த பிறகுதான் விரியும், ஊமத்தை அந்தியில். காலை ஒன்பதுக்கு மட்டும் போகிறவரின் ஏட்டில் துத்தி ஆண்டு முழுவதும் பூக்காத செடியாகவே இருக்கும். மாதம் ஒருமுறையாவது மாலை ஐந்துக்குப் போக வேண்டும்.

ஒவ்வொரு செடிக்கும் நான்கு தேதிகள் வேண்டும். முதல் நாற்று, முதல் பூ, கட்டத்தில் பாதிக்கு மேல் பூத்த வாரம், முதல் முற்றிய காய். நாற்று கருகினால் அதையும் எழுதுங்கள். "ஒன்றுமில்லை" என்ற வாரமும் எழுதப்பட வேண்டும், இல்லையேல் போகாத வாரத்துக்கும் பூக்காத வாரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் ஒரு படம். பெயர் தெரியாத செடிக்கு இலை அடுக்கு, பூவின் பக்கவாட்டு, காய் மூன்றையும் படமெடுத்து ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றினால் யாராவது சொல்வார்கள். பூவை மட்டும் நேர்மேலிருந்து எடுத்த படத்தை வைத்து வேளைச் செடிகளைக்கூடப் பிரிக்க முடியாது.

இதையெல்லாம் ஐந்தாறு ஆண்டு செய்தாலும் "பருவநிலை மாறிவிட்டது" என்று அந்த ஏட்டைக் காட்டிச் சொல்லக் கூடாது. வானிலைத் துறை மழையின் இயல்பு என்று வைத்திருப்பதே 1971 முதல் 2020 வரையிலான ஐம்பது ஆண்டுச் சராசரி. ஆறு ஆண்டு ஏடு ஒரு மழைக்காலம் எவ்வளவு ஆடக்கூடியது என்பதைக் காட்டும். 2015-இன் வெள்ளமும், மறு ஆண்டே தமிழகத்தின் வடகிழக்குப் பருவமழை இயல்பில் பாதிகூட இல்லாமல் போனதும் அந்த ஆட்டத்துக்குள் அடங்கும். ஆனால் அப்படிப் பல ஏடுகள், பல தெருக்களிலிருந்து, தரைமட்டக் குறிப்போடு சேர்ந்தால் அவற்றுக்கு எடை வரும். இன்று அவை இல்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

செதுக்குவதற்கு முன்

குறிப்பெடுப்பவருக்குப் பெரிய தடை மழையும் வெயிலும் அல்ல, ஜே.சி.பி. கார்த்திகை மழை ஓய்ந்ததும், கொசு வருகிறது, பாம்பு வருகிறது என்று காலி மனைகளைச் சுரண்டிவிடும்படி நெருக்குவார்கள். பாம்பு பயம் நியாயமானது. அதற்கு வீட்டுச் சுவரை ஒட்டியும் நடைபாதை ஓரமும் ஒரு மீட்டர் அகலத்துக்குச் செடிகளைக் கணுக்கால் உயரத்துக்கு வெட்டி, செங்கல் குவியலையும் மரத்துண்டுகளையும் அகற்றினால் போதும். எலியும் பாம்பும் ஒதுங்குவது அந்தக் குவியல்களில்தான். டெங்குக் கொசு முட்டையிடுவது தேங்காய்ச் சிரட்டை, டயர், பிளாஸ்டிக் கப், பழைய வாளி போன்றவற்றில் தேங்கும் தெளிந்த நீரில். தும்பையைச் சுரண்டிவிட்டு டயரை விட்டுவைத்தால் கொசு குறையாது. ஜே.சி.பி. பல் கீறிய பள்ளங்களில் நீர் தேங்கி இன்னும் நாலு தொட்டி உருவாகும்.

சுரண்டும் மாதமும் முக்கியம். மார்கழி, தை மாதங்கள்தான் தும்பை, சிறுபூளை, விஷ்ணுகிரந்தி, கொழுஞ்சி பூத்துக் காய்க்கும் காலம். அப்போது பத்து செ.மீ. மேல்மண்ணோடு வழித்தெடுத்தால் அவ்வாண்டு விதையும் போய், பழைய விதைக் கிடங்கும் போய், கிளறிய வெறுந்தரையில் பார்த்தீனியம்தான் முதலில் ஏறும். மாசிக் கடைசி வரை பொறுத்து, காய் உதிர்ந்தபின் தரைக்கு ஒரு சாண் மேலே அரிவாளாலோ புல்வெட்டி இயந்திரத்தாலோ வெட்டினால் உரிமையாளருக்கும் மனை சுத்தமாக இருக்கும், விதையும் மண்ணிலேயே தங்கும். பார்த்தீனியத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதைப் பூப்பதற்கு முன்பே, ஈரமண்ணாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்க வேண்டும். பூத்தபின் வெட்டினால் அடியிலிருந்து கிளைத்து மீண்டும் பூக்கும், வெறுங்கையால் தொட்டால் பலருக்குத் தோல் அரிப்பு வரும்.

வெட்டிய தேதியையும் சுரண்டிய தேதியையும் மண் கொட்டிய தேதியையும் ஏட்டில் மழைக்குப் பக்கத்துப் பத்தியிலேயே எழுதுங்கள், எத்தனை லோடு, எந்த ஊர் மண் என்பதையும் டிரைவரிடம் கேட்டு.